அமெரிக்காவின் முதல் நிலைத்த காலணி

கிங்ஸ்பரி சமூக மண்டபத்தின் பின்னறையில் அன்று வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். தலைவர் நரசிம்மன் மேசையின் தலைமாட்டில், இடுப்புவலிக்கு இதமாக ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்பக்கம் அவர் மனைவி ராஜி, மடியில் சுண்டல் டப்பாவோடு. எதிரே ஜன்னலோரம் சிவானந்தன், சப்பாத்து இரண்டையும் கழற்றிக் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டு, ஒரு காலை மறு தொடைமேல் போட்டபடி. கதவோரம் சுவர்ணா. எந்தக் கூட்டத்திலும் அவளுக்குக் கதவோரம்தான். பேச்சு அலுத்தால் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சாட்டி எழும்பிவிடலாம். ஐந்தாவது ஆள் செயலாளர் பஸ்தியாம்பிள்ளை. எல்லாருடைய வாயும் தெரிகிற மூலையில், கோடு போட்ட கொப்பியோடு இருந்தார்.

இவ்வளவும் அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் உள்ளபடி. யார் வந்தார், எங்கே இருந்தார் என்று எழுதாமல் பஸ்தியாம்பிள்ளை ஒரு கூட்டத்தையும் தொடங்கியதில்லை. இருபத்தாறு வருடம் தபால் பிரிக்கிற வேலை பார்த்தவர். எந்தப் பொருளுக்கும் ஒரு பெட்டி, எந்த ஆளுக்கும் ஒரு விலாசம் என்பது அவருடைய கொள்கை. பருத்தித்துறையில் எட்டாம் வகுப்பில் படித்த கடித இலக்கணத்தை, வலது மேல்மூலையில் திகதி, இடதுபக்கம் விலாசம், நடுவில் 'பொருள்' என்று, லண்டன் கவுன்சிலுக்கு எழுதும்போதும் விட்டுக்கொடுக்காதவர். குப்பை வண்டி வரவில்லை என்று எழுதினாலும் ஆறு பந்தி, ஆறுக்கும் இலக்கம்.

வியாழன் வட்டம் என்பது இளைப்பாறிய தமிழர்கள் தேத்தண்ணி குடிக்கக் கூடுகிற இடம். அதை வட்டம் என்று சொல்லுவதே அதிகம்; வட்டம் போட ஐந்து கதிரை போதாது. அந்த வருடம் கவுன்சில் 'லண்டனும் கடலும்' என்று ஒரு வாரம் கொண்டாடப் போனது. ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு விசயம் குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். குஜராத்திக்காரருக்குத் தேயிலை விழுந்தது. ஐரிஷ்காரருக்குத் துறைமுகம் விழுந்தது. தமிழருக்கு விழுந்தது ஜேம்ஸ்டவுன். லண்டனில் இருந்து கப்பலேறிப் போன ஆங்கிலேயர் 1607இல் அமெரிக்காவில் வேர்ஜீனியா ஆற்றங்கரையில் கோட்டை கட்டிக் குந்திய கதை. இருபது நிமிட நாடகம். நரசிம்மன் நூலகத்தில் ஒரு மாதம் கிடந்து பதினெட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"லண்டன் பிளாக்வால்ல இருந்து மூணு கப்பல் கிளம்புது," என்று வாசித்தார். "நூத்திச் சொச்சம் பேர். ஆம்பளைங்களும் பசங்களும் மட்டும்தான். பொம்பளைங்க கிடையாது."

"ஒருத்தியும் இல்லையோ?" என்றாள் சுவர்ணா.

"மொதல்ல இல்லம்மா. மறு வருஷம்தான் ரெண்டு பேர் போறாங்க."

"அப்ப சமைச்சது ஆர்?"

"அதனாலதான் பாதிப்பேர் செத்துட்டாங்க போல," என்றாள் ராஜி.

நரசிம்மன் கண்ணாடிக்கு மேலால் மனைவியைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "கிளம்பினது டிசம்பர். காத்து சரியில்ல. கென்ட் கரையோரமே ஆறு வாரம் நின்னுட்டாங்க."

"அமெரிக்காவுக்கு எண்டு வெளிக்கிட்டு கென்றிலையோ!" சிவானந்தனுக்குச் சிரிப்பு வந்தது. "போன மாதம் டோவருக்குப் போகேக்கை நானும் அந்த இடத்திலைதான் நிண்டனான். ட்ராபிக்."

வாசிப்பு இப்படியே போனது. போய் இறங்கியவர்களில் பாதிப்பேர் கனவான்கள்; வேலை செய்தால் கை அழுக்காகும் என்று இருந்தவர்கள். பொன் கிடைக்கும் என்று மண்ணைக் கிண்டினார்கள். விதைக்கவேண்டிய காலத்தில் விதைக்கவில்லை. குடித்தது ஆற்றுத் தண்ணி, அதுவும் உப்பு. ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு ஒரு குவளை பார்லிக் கஞ்சி, அதில் புழுவும் மிதக்கும். தலைவர் சாப்பாட்டை ஒளித்து வைத்துத் தின்கிறார் என்று குற்றம்சாட்டி மற்றவர்கள் அவரைப் பதவியில் இருந்து இறக்கினார்கள். இந்த இடத்தில் எல்லாருடைய கண்ணும் ராஜியின் மடியில் இருந்த டப்பாவுக்குப் போனது. அவள் மூடியைத் திறந்து சுற்றுக்கு விட்டாள்.

"நாலாவது சீன்ல காய்ச்சல்ல எல்லாரும் கீழ விழறாங்க," என்றார் நரசிம்மன்.

"விழ ஏலாது," என்றார் சிவானந்தன். முதல் தலைவர் வேடம் அவருக்கு. "எனக்கு முழங்கால். விழுந்தால் எழும்ப மாட்டன். அஞ்சாம் காட்சிக்கு அம்புலன்ஸ்தான் வரும்."

"எனக்கும் இடுப்பு..." என்று நரசிம்மன் யோசித்தார்.

பத்து நிமிட விவாதத்துக்குப் பிறகு பஸ்தியாம்பிள்ளை எழுதினார்: 'தீர்மானம் 3. சாவு கதிரையில் இருந்தபடி. ஏகமனதாக.'

பதினோராம் பக்கத்தில்தான் வாசிப்பு தரை தட்டியது. அங்கே ஒரே ஒரு வரி: 'பூர்வகுடிகள் இருவர் வருகிறார்கள். சோளத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள்.'

"எங்கை போகினம்?" என்று சிவானந்தன் கேட்டார்.

"யாரு?"

"சோளம் கொண்டந்த ரெண்டு பேரும்."

"போறாங்க சார். அவங்க ஊருக்கு."

"இதுதானே அவையின்ரை ஊர்?"

நரசிம்மன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் தாள்.

சிவானந்தனுக்குத் திருகோணமலைப் பக்கம். குளத்தடியில் ஐந்து ஏக்கர் வயல். அவருக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது அரசாங்கம் வந்து கல் நட்டது, வாய்க்கால் வெட்டியது, எங்கேயோ இருந்து ஆட்களை லொறியில் கொண்டுவந்து இருத்தியது. வந்தவர்களுக்கு முதல் கிழமை சாப்பாடு இல்லை. சிவானந்தனின் தகப்பன் பாவம் பார்த்து ஒரு சாக்கு மரவள்ளிக் கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு வருடத்தில் கல் அவருடைய வரம்புக்கு வந்துவிட்டது. இதற்கெல்லாம் அரசாங்கக் காகிதத்தில் இருந்த பெயர் குடியேற்றத் திட்டம். இது பஸ்தியாம்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

"தலையங்கத்தை மாத்துங்கோ," என்றார் சிவானந்தன். "'ஒரு காலனி பிறக்கிறது' எண்டது வேண்டாம். குடியேற்றம் எண்டு போடுங்கோ. அந்த ரெண்டு பேருக்கும் ஒரு கதை குடுங்கோ. அப்ப நான் நடிக்கிறன்."

"குடியேற்றம்னா இமிக்ரேஷன் சார்!" நரசிம்மன் உண்மையாகவே குழம்பிப் போனார். "ஏர்போர்ட்ல ஸ்டாம்ப் அடிக்கறவன்தான் குடியேற்ற அதிகாரி. நாம எல்லாரும் அப்படி வந்தவங்க. பாக்கறவங்க நம்ம கதைன்னுல்ல நெனச்சுப்பாங்க? காலனின்னா தெளிவா இருக்கு. நான் பொறந்ததே திருச்சி ரயில்வே காலனி. பி பிளாக், பதினேழாம் நம்பர்."

"அங்கை பீரங்கி இருந்ததோ?"

"பாட்மிண்டன் கோர்ட் இருந்தது."

"எங்களுக்குக் காலனி எண்டால் செருப்பெல்லோ," என்றாள் சுவர்ணா.

"அது மூண்டு சுழி, தங்கச்சி," என்று தலை நிமிராமலே திருத்தினார் பஸ்தியாம்பிள்ளை. "இது ரெண்டு சுழி." எழுத்துப்பிழை விடாதவன் என்கிற பெருமை அவருக்கு. அந்தப் பெருமைக்கு இன்னும் மூன்று கிழமைதான் ஆயுள்.

வாக்குக்கு விட்டார்கள். காலனிக்கு நரசிம்மனும் ராஜியும் கை தூக்கினார்கள். குடியேற்றத்துக்குச் சிவானந்தனும் சுவர்ணாவும். இரண்டுக்கு இரண்டு. எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள்.

"வட்டத்துக்கு ஒரு சட்டம் இருக்கு. யாப்பின் ஏழாம் பிரிவு," என்றார் பஸ்தியாம்பிள்ளை. "செயலாளர் வாக்களிக்க மாட்டார். பதிவு மட்டும் செய்வார். சமமாக வந்தால் தலைவரின்ரை வாக்கு."

"அந்த யாப்பை எழுதினது ஆரடாப்பா?"

"நான்தான்."

"பஸ்தி," என்றார் சிவானந்தன். "உனக்கு ஒரு கை இல்லையோ?"

"கையிலை பேனை இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னார் என்று பஸ்தியாம்பிள்ளைக்கே பிறகு விளங்கவில்லை. பகிடியாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தவர். வெளியே வந்தது வேறு மாதிரி.

சிவானந்தன் குனிந்து கதிரைக்குக் கீழே இருந்து சப்பாத்தை இழுத்தார். முழங்கால் மடியவில்லை. ஒரு நாடாவைக் கட்ட ஒரு நிமிடம், மற்றதற்கு இன்னொரு நிமிடம். கோபித்துக்கொண்டு வெளியேறுகிற ஆளுக்கு நாடா இல்லாத சப்பாத்துத்தான் தோது. கடைசியில் எழும்பி நின்று, "எழுது," என்றார். "சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனான் எண்டு எழுது."

பஸ்தியாம்பிள்ளை எழுதினார்: 'திரு. சிவானந்தன் தன் விருப்பில் வெளியேறினார். மு.ப. 11.52.'

கூட்டக்குறிப்பு அன்று பின்னேரமே எல்லாருக்கும் மின்னஞ்சலில் போனது. சிவானந்தனுக்கும் போனது. அங்கேதான் பிழை. 'தன் விருப்பில்' என்ற அந்த இரண்டு சொல்லை வாசித்தவர் அதற்குப் பிறகு பஸ்தியாம்பிள்ளையின் போனை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு பேரும் 183ஆம் நம்பர் பஸ் தரிப்பில் சந்தித்து மீன் வாங்கப் போவது வழக்கம். அந்தச் செவ்வாய் பஸ்தியாம்பிள்ளை மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார். நாலாவதில் தனியாக ஏறி, விளைமீனைப் பாரை என்று நினைத்து வாங்கிக்கொண்டு வந்தார். மீன் தெரிந்து எடுப்பது எப்போதும் மற்றவர்தான்.

இரண்டாம் கிழமை சுவர்ணா செய்தி கொண்டு வந்தாள்.

"சிவா அண்ணை இனி எங்கட பக்கம் வரமாட்டாராம். ஆர்ச்வே முருகன் கோயிலிலை பஜனைக் குழுவிலை சேர்ந்திட்டார்."

"பஜனையோ? அவனுக்குச் சுருதியே சேராதே!"

"தாளம் போடுறாராம்."

பஸ்தியாம்பிள்ளை கதிரையில் சாய்ந்தார். இது சின்ன விசயமில்லை. மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரரான அவர் சிவானந்தனைத் தேடி ஆர்ச்வே மலையேறி, பஜனைக் குழுவில் போய்ச் செயலாளராக இருக்க ஏலுமா? மனைவி போய் ஆறு வருடம். பிள்ளைகள் இரண்டும் கனடாவில். இந்த ஊரில் அவரை 'டேய்' என்று கூப்பிட மிச்சமிருந்தது ஒரே ஆள். அந்த ஆள் இப்போது அரோகராவுக்கு நடுவில் உட்கார்ந்து தாளம் தட்டுகிறார்.

அன்று பின்னேரம்தான் கிருசாந்தனின் அச்சகத்தில் இருந்து மேடைப் பதாகையின் மாதிரி வந்தது. 'அங்கிள், ஓகேவா? பிரிண்டுக்கு விடட்டா?' பஸ்தியாம்பிள்ளை வழக்கப்படி அதைத் தாளில் எடுத்தார். 'சரி பார்க்கப்பட்டது' என்று எழுதினார். கையொப்பம் வைத்தார். திகதி போட்டார். திருப்பி அனுப்பினார். செய்யாதது ஒன்றுதான்: வாசிக்கவில்லை.

கிருசாந்தன் இங்கே பிறந்து வளர்ந்தவன். தமிழை ஆங்கில எழுத்தால் தட்டுவான். எது வேண்டும் என்று போன் கேட்கும். முதலில் வருவதை அமுக்குவான். எட்டு அடிப் பதாகை மண்டபத்தில் ஏறியபோது அதில் இருந்தது இதுதான்:

அமெரிக்காவின் முதல் நிலைத்த ஆங்கிலேயக் காலணி, 1607.

சுவர்ணா முதலில் பார்த்தாள். சொல்லவில்லை. முதலில் படம் எடுத்தாள், பிறகு ஆற அமரச் சிரித்தாள், அதற்குப் பிறகுதான் சொன்னாள். அவள் எடுத்த படம் தேத்தண்ணி ஆறுவதற்குள் கிங்ஸ்பரியைத் தாண்டி, லூயிஷாம் சிவன் கோவிலடி வரைக்கும் போய்விட்டது. பஸ்தியாம்பிள்ளையின் போனுக்கு நாலு பக்கத்திலும் இருந்து சிரிக்கிற முகங்கள் வந்து விழுந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தார்.

கடைசியாக ஒன்று வந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு, சிவானந்தனிடம் இருந்து, இரண்டே சொல்.

'என்ன சைஸ்?'

பஸ்தியாம்பிள்ளை போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்தார். திரும்ப வந்து போனை நிமிர்த்தி இன்னொரு தரம் வாசித்தார். மற்றவர்களுக்கு அது நக்கல். அவருக்கு அது நக்கல் மட்டுமில்லை.

எண்பத்தேழில் லூயிஷாமில் ஒரு கடைக்கு மேலே மூன்று அறையில் பதினொரு இளந்தாரிகள் இருந்தார்கள். ஒரு பானை, ஒரு ஹீட்டர், பதினொரு தலைவர். வீட்டில் எங்களுக்கு வேலைக்காரர் இருந்தவை என்று சொல்லிப் பாத்திரம் கழுவாதவர்கள் ஆறு பேர். பாண் துண்டும் சீனியும் தின்று மூன்று பேருக்கு மஞ்சள்காமாலை. நரசிம்மன் ஜேம்ஸ்டவுன் கதையை வாசித்தபோது பஸ்தியாம்பிள்ளைக்கு ஒன்றுமே புதிதாகத் தெரியவில்லை. நாங்கள் பீரங்கி கொண்டு போகவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அவருக்கும் சிவானந்தனுக்கும் பொதுவாக ஒரு சோடி கறுத்தச் சப்பாத்து இருந்தது. லூயிஷாம் சந்தையில் வாங்கியது. சைஸ் எட்டு. சிவானந்தனுக்கு அளவு. பஸ்தியாம்பிள்ளைக்குக் கால் ஒன்பது.

தபால் வேலைக்கான நேர்முகத்துக்கு அவர் அந்த எட்டில்தான் போனார். விரல்களை மடித்து உள்ளே திணித்துக்கொண்டு, நாற்பது நிமிடம். கேள்வி கேட்ட வெள்ளைக்காரி இடையில் நிறுத்தி, ஏன் கண்ணெல்லாம் கலங்கியிருக்கிறது என்று விசாரித்தாள். இந்த வேலையில் எனக்கு அவ்வளவு விருப்பம் என்றார் பஸ்தியாம்பிள்ளை. வேலை கிடைத்தது. அடுத்த நாள் அதே சப்பாத்தில் சிவானந்தன் பெற்றோல் நிலையத்துக்குப் போய்க் காசாளராகச் சேர்ந்தார். இந்தக் கதை தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். அதில் ஒருவர்தான் இப்போது சைஸ் கேட்கிறார்.

அடுத்த வியாழன் கொப்பியில் பஸ்தியாம்பிள்ளை எழுதியது: 'வந்தோர் நால்வர். தலைவர், ஹீட்டரடி. திருமதி ராஜி, அவருக்கு வலம். சுவர்ணா, கதவடி. செயலாளர், மூலை. ஜன்னலோரம் வெறும் கதிரை.'

நரசிம்மன் கொதித்துப்போய் இருந்தார். "முதல் நிலைத்த காலணி! இது நாடகமா, செருப்புக் கடைத் திறப்பு விழாவா? நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க பஸ்தி சார்! நீங்க!"

"ஓம். என்ரை பிழை. குறிப்பிலை எழுதியிருக்கிறன்."

"எழுதி என்ன பண்றது? நாடகம் இருபத்திரெண்டாம் தேதி. ஹீரோ கோயில்ல தாளம் தட்டறாரு."

பஸ்தியாம்பிள்ளை பேனையை மூடினார். மூடி 'டக்' என்றது. அவர் கூட்டத்தின் நடுவில் பேனை மூடி அன்றுதான் மற்றவர்கள் பார்த்தார்கள். வலது கையைத் தூக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுக்குப் போகக் கேட்கிற மாதிரி இருந்தது.

"என்ன சார்?"

"வாக்கு. குடியேற்றத்துக்கு."

"செயலாளருக்குத்தான் வாக்கு இல்லையே. ஏழாம் பிரிவு."

"ஏழாம் பிரிவை எழுதினவன் நான். இப்ப வெட்டுறன்." கொப்பியின் பின்பக்கம் ஒட்டியிருந்த யாப்பை விரித்து, அடிமட்டம் வைத்து, நேராக ஒரு கோடு இழுத்தார். கோபத்திலும் அடிமட்டம் வைக்கிற மனிதன்.

நரசிம்மன் விரலை மடக்கினார். "சரி, வச்சுக்கலாம். நீங்களும் சுவர்ணாவும் ரெண்டு. நானும் ராஜியும் ரெண்டு. சமம். தலைவர் ஓட்டு..."

"என்னங்க," என்றாள் ராஜி. "சோளத்தை வச்சுட்டு எங்க போறாங்கன்னு மூணு வாரமா நானும் யோசிச்சுப் பாக்கறேன். எனக்கும் தெரியல." அவளும் கையைத் தூக்கினாள்.

"நம்ம வீட்டு ஓட்டே போச்சா!"

"சுண்டல் வேணுமா, வேண்டாமா?"

நரசிம்மன் கெட்ட மனிதர் இல்லை. காலனி என்றால் பாட்மிண்டன் என்று நினைத்து வளர்ந்தவர், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் ஹீட்டரைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு பதினோராம் பக்கத்தை எடுத்து, 'போகிறார்கள்' என்பதை வெட்டினார். மேலே 'நிற்கிறார்கள்' என்று எழுதினார். "நிக்கட்டும். ஆனா சும்மா நின்னா நல்லா இருக்காதே. என்ன பேசுவாங்க?"

"அது எழுதத் தெரிஞ்ச ஆள் ஆர்ச்வேயிலை," என்றாள் சுவர்ணா.

பதாகையைத் திரும்ப அச்சடிக்க நாளில்லை. சுவர்ணா தையல்காரி, வெள்ளைத் துணியில் 'குடியேற்றம்' என்று வெட்டித் தைத்து மேலே ஒட்டுவதாகச் சொன்னாள். அளந்து பார்த்தால் அந்தச் சொல் 'காலணி'யைவிட நீளம். பக்கத்தில் இருந்த 'ஆங்கிலேயக்' என்பதையும் மூடவேண்டி வந்தது.

"அது போச்சுன்னா தப்பாயிடும்!" என்று நரசிம்மன் பதறினார். "அமெரிக்காவுல ஸ்பெயின்காரன் முன்னாடியே வந்து உக்காந்துட்டானே!"

"ஸ்பெயின்காரர் ஆரும் கிங்ஸ்பரிக்கு நாடகம் பாக்க வருவினமோ?" என்றாள் சுவர்ணா வாயில் குண்டூசியோடு. "ஆங்கிலேயரை மூடத் துணி கிடைச்சதே பெரிய காரியம்."

வீட்டுக்கு வந்ததும் பஸ்தியாம்பிள்ளை கடிதத்தாளை எடுத்தார். 'என்ன சைஸ்?' என்று போனில் கேட்டவனுக்குப் போனிலேயே பதில் போட்டிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. முதல் தாளில் 'ஐயா' என்று தொடங்கிக் கிழித்தார். இரண்டாவதில் 'மச்சான்' என்று தொடங்கினார். அதற்குக் கீழே 'பொருள்' போட ஏலாமல் கிழித்தார். மூன்றாவது நின்றது.

பொருள்: காலணியின் சைஸ் தொடர்பாக.

அன்பின் சிவா,

1. உன்னுடைய செய்தி கிடைத்தது. சைஸ் எட்டு. பதாகையும் எட்டு அடிதான். இரண்டும் எனக்கு அளவில்லை.

2. அந்த எழுத்துப்பிழைக்குக் கையொப்பம் வைத்தவன் நான். கிருசாந்தனை ஏசவேண்டாம். வாசிக்காமல் வைத்தேன். அன்றைக்கு எனக்கு வாசிக்க ஏலவில்லை.

3. கூட்டக்குறிப்பில் ஒரு திருத்தம். 'தன் விருப்பில் வெளியேறினார்' என்பதை நீக்கி, 'செயலாளர் கை தூக்காதபடியால் வெளியேறினார்' என்று வாசிக்கவும். இன்றைய கூட்டத்தில் உரக்க வாசித்தேன். ஒருவரும் எதிர்க்கவில்லை.

4. ஏழாம் பிரிவு வெட்டப்பட்டது. என்னுடைய வாக்கு குடியேற்றத்துக்கு. ராஜி அக்காவின் வாக்கும் அதற்கே. தலைவர் வீட்டில் இன்றிரவு என்ன சாப்பாடு என்று தெரியவில்லை.

5. சோளம் கொண்டு வருகிற இரண்டு பேரும் இனி எங்கேயும் போகமாட்டார்கள். நிற்பார்கள். ஒருவன் நான். மற்ற இடம் வெறுமையாக இருக்கிறது. எனக்கு வசனம் எழுத வராது, 'பொருள்' போட மட்டும்தான் வரும். வசனத்தை நீ எழுது. உன்னுடைய ஐயா கிழங்குச் சாக்கோடு நின்ற இடத்தில் நின்று என்ன சொல்லியிருப்பார் என்று எழுது. நான் பக்கத்தில் நிற்பேன்.

6. இந்த வேடத்தில் சாகத் தேவையில்லை. ஆனால் எட்டு நிமிடம் நிற்கவேணும். முழங்கால் ஏலாவிட்டால் கரையிலும் கதிரை போடலாம், யாப்பில் தடையில்லை.

7. பஜனை வெள்ளி. நாங்கள் வியாழன். மோதாது.

8. செவ்வாய் வாங்கின மீன் பாரை இல்லை.

இங்ஙனம்,

இந்த இடத்தில் பழக்கத்தில் 'செயலாளர்' என்று எழுதிவிட்டார். அடிமட்டம் தேடினார், கிடைக்கவில்லை. கையாலேயே கோணலாக ஒரு கோடு இழுத்து வெட்டி, 'பஸ்தி' என்று கீழே எழுதினார்.

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். நாக்கால் நனைத்து ஒட்டினார். ஒட்டின இடத்தைப் பெருவிரலால் இரண்டு தரம் தேய்த்தார். வலது மூலையில் முதல் வகுப்பு முத்திரை. விலாசத்தில் தபால் குறியீடு பெரிய எழுத்தில். அது இல்லாத கடிதங்களால் இருபத்தாறு வருடம் முதுகு உடைந்தவர் அவர். பெட்டியில் கடைசித் தபால் எடுப்பு ஐந்தரைக்கு. மணி ஐந்து இருபது. கோட்டைத் தோளில் கொளுவிக்கொண்டு இறங்கினார்.

சிவப்புத் தபால் பெட்டி தெருமுனையில், அவர் வீட்டில் இருந்து ஆறாவது வீட்டு வேலியோடு நிற்கிறது. அந்த ஆறாவது வீடு சிவானந்தனுடையது. பஸ்தியாம்பிள்ளை பெட்டிக்குக் கிட்டப் போனபோது வேலிக்கு உள்ளே ஒரு குப்பைத்தொட்டி உருளுகிற சத்தம் கேட்டது. சிவானந்தன் நீலத் தொட்டியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். காலில் வீட்டுச் செருப்பு. இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"என்னடா, கடிதமோ?"

"ஓம்."

"ஆருக்கு?"

"உனக்கு."

சிவானந்தன் தொட்டியை விட்டுவிட்டு வேலிக்கு மேலால் கையை நீட்டினார். "கொண்டா இங்கை."

பஸ்தியாம்பிள்ளை நீட்டின கையைப் பார்த்தார். உறையைப் பார்த்தார். தெருமுனையில் தபால் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது.

"முத்திரை ஒட்டிப்போட்டன்," என்று சொல்லிக் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டார்.